பத்தியில் உள்ளபடி

கத்தரீனாள் வழுக்கி விழுந்தது, இடுக்கி என்று தனி ஜில்லா பிரிந்த மறு வருஷம், ஈஸ்டர் கழிந்த வாரம். மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். கோடை மழையில் ஊறிக் கிடந்த சரிவில் முதுகில் கொழுந்துக் கூடையோடு இறங்கியவளுக்குக் கால் பிசகி இடுப்பெலும்பு முறிந்துபோனது. கோட்டயம் வரைக்கும் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். திரும்பி வந்தபோது உட்கார முடிந்தது, கம்பைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்வர முடிந்தது. அவ்வளவுதான். இனி வேலைக்கு ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட லயத்து வீடு ஆளுக்குச் சொந்தமில்லை, பதிவேட்டில் உள்ள பேருக்குச் சொந்தம். ஒரு வீட்டிலிருந்து ஒரு பேர் விழுந்தால் அதே வீட்டிலிருந்து இன்னொரு பேர் ஏற வேண்டும். ஏறாவிட்டால் சட்டி பானையை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

இறங்கி எங்கே போவது? கத்தரீனாளின் அப்பன் பெரியமுத்து, கயத்தாற்றுக்குத் தெற்கேயிருந்து பஞ்ச காலத்தில் ஆள் பிடிக்க வந்த கங்காணி பின்னால் மலையேறி வந்தவன்; ஏறிய பிறகுதான் ஞானஸ்நானம். அங்கே இருந்த கரிசல் துண்டை அவன் தம்பிமார் பங்கு போட்டுக் கொண்டதே இவளுக்குக் காதால் கேட்ட செய்தி. புருஷன் ஆசீர்வாதம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து வெகுகாலம். மூத்த மகன் மிக்கேல்ராஜ் போடிப் பக்கம் பெண்ணெடுத்து மாமியார் வீட்டோடு இருந்துவிட்டான். கிறிஸ்துமஸுக்கு வருவான், புளி கொண்டு வருவான், போய்விடுவான். கூடப் பிறந்த தங்கை செபமாலையம்மாள், புருஷனுக்கு ரயில்வேயில் வேலை என்று போத்தனூரில் ஒற்றை அறையில் குடியிருந்தாள். ஆக, மிச்சம் இருந்தது மகள் சந்தனமேரி ஒருத்திதான்.

சந்தனமேரி அப்போதுதான் பி.ஏ. முடித்திருந்தாள். மதுரையில் கன்னியாஸ்திரீகள் கல்லூரி, தங்கிப் படித்தது. அந்த லயத்து வரிசையில் பி.ஏ. என்று எழுதிக்கொள்ள ஒரே ஆள். கத்தரீனாள் பன்னிரண்டு வயதில் கொழுந்து கிள்ளக் காட்டுக்குள் போனவள். இவளையாவது போகவிடக்கூடாது என்பதுதான் மகள் பிறந்த நாள் முதலாய் அவள் கும்பிட்ட ஒரே கும்பிடு.

மெட்ராஸில் சமூகசேவை என்று ஒரு எம்.ஏ. படிப்பு இருப்பதாகச் சிஸ்டர்மார் சொல்லியிருந்தார்கள். முடித்தால் தோட்டத்திலேயே வெல்ஃபேர் ஆபீசர் வேலை கிடைக்கும், ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். சேர்வதற்கு ஒரு பரீட்சை. முக்கால்வாசி இங்கிலீஷ். ஒரு பத்தி கொடுப்பார்கள், படித்துவிட்டுக் கீழே உள்ள கேள்விகளுக்கு நாலில் ஒரு விடையைக் குறிக்க வேண்டும்.

கண்டக்டர் நல்லதம்பி, பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிறவர், அவர்தான் அவளைத் துரையிடம் கூட்டிப்போனார். துரை என்றால் தோட்ட மேனேஜர்; வெள்ளைக்காரன் இல்லை, குடகுக்காரர். பொறுமையாகக் கேட்டார்.

"சீட் கிடைக்கட்டும். நீ படித்து வருகிற வரைக்கும் உன் அம்மா அந்த வீட்டில் இருக்கலாம், நான் எழுதித் தருகிறேன். கிடைக்கவில்லை என்றால் ஆகஸ்ட் ஒன்றாம் தேதி நீ பிரட்டில் நிற்க வேண்டும். அதற்கு மேல் என்னால் முடியாது."

வெளியே வந்ததும் நல்லதம்பி சொன்னார்: "இந்த மட்டுக்கும் அவர் சொன்னதே பெருசு, பாப்பா. படிச்சுக் காட்டிரு. இல்லைன்னா உன் பேரை நான்தான் எழுதணும். எனக்கு அது வேண்டாம்."

கத்தரீனாளின் இறந்துபோன அண்ணன் மகன் சிலுவைராஜ், வேறொரு லயத்தில் இருந்துகொண்டு எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவன், கோயமுத்தூர்ப் பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு தடித்த கைடு வாங்கி வந்தான். முன் அட்டை இல்லை. உள்ளே பத்தி பத்தியாக இருந்தது. கடைசிப் பக்கங்களில் விடைகள்.

"மேரி, இத முழுங்கினா போதுமாம். கடைக்காரன் சொன்னான்."

"அட்டையை யார் முழுங்குனா அத்தான்?"

"அது எனக்கு முன்னால படிச்சவன். பாஸாகலை போல, பசியில தின்னுட்டான்."

மத்தியானம் வேலைகளை முடித்துவிட்டு அவள் அடுப்புக்கு முன்னால் உட்காருவாள். முதலில் இங்கிலீஷில் சத்தமாக வாசிப்பாள். பிறகு அதைத் தமிழில் அம்மாவுக்குச் சொல்லுவாள். அடுத்தவருக்குச் சொல்ல முடிந்தால்தான் தனக்குப் புரிந்ததாக அர்த்தம் என்று ஒரு சிஸ்டர் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு கேள்வி, விடை, கடைசிப் பக்கத்தைத் திருப்பிச் சரிபார்ப்பது.

"ஏட்டி, இன்னைக்கு என்ன கதை?" என்பாள் கத்தரீனாள். நாளெல்லாம் சுவரைப் பார்த்துக் கிடப்பவளுக்கு அந்த நேரம் ஒரு திருவிழா மாதிரி.

"ஒரு துரை ஆத்துக்குக் குறுக்க பாலம் கட்டுதான். திறக்கிற அன்னைக்கு ஊர்ச்சனம் எல்லாம் மாலை கொண்டாந்து போடுது."

"யாரு கொண்டாரச் சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. அவங்களா கொண்டாந்தாங்க."

"அவங்களாவா! நம்ம பாலம் தொறந்தப்ப நான்தாம்ட்டி மாலை புடிச்சேன். கங்காணி கையில திணிச்சு வரிசையில நிக்க வச்சான். துரை வாரதுக்குள்ள பூவெல்லாம் உதுந்து நாருதான் மிஞ்சுச்சு. அந்த நாரைத்தான் போட்டோம்."

சந்தனமேரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கேள்வியைப் பார்த்தாள். ஜனங்கள் ஏன் மாலை கொண்டு வந்தார்கள்? அ, மகிழ்ச்சியால். இ, கட்டாயத்தால். அவள் இ-யைக் குறித்தாள். கடைசிப் பக்கத்தில் அ என்று இருந்தது.

தேனீயைப் பற்றிய பத்தி, நிலாவைப் பற்றிய பத்தி என்றால் எல்லாம் சரியாக வரும். மனுஷர்கள் வந்துவிட்டால் போச்சு. ஊருக்கு ரயில் வந்தது, விவசாயிகள் சந்தோஷமாக நிலத்தைக் கொடுத்தார்கள் என்று இருக்கும். இவள் சந்தோஷத்தைத் தாண்டி வேறெதையாவது குறித்திருப்பாள். தப்பு. ராஜா தானியத்தைப் பத்திரப்படுத்தக் களஞ்சியம் கட்டினார் என்று இருக்கும். "யாருக்குப் பத்திரம்?" என்பாள் அம்மா. அதுவும் தப்பு.

அந்த லயத்தில் எல்லாருக்குமே இந்த வியாதி உண்டு. பிரட்டுக்களத்துப் பலகையில் இங்கிலீஷிலும் மலையாளத்திலும் நோட்டீஸ் ஒட்டுவார்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவன் வாசித்துச் சொல்லுவான். 'தொழிலாளர் வசதிக்காக ரேஷன் கடை நேரம் மாற்றப்படுகிறது.' அதைக் கேட்டதும் ஜனம் முதலில் கேட்பது, "அது சரி, இனி சாயங்காலம் கிடையாதா?" 'வீடுகள் செப்பனிடப்படும்' என்றால், "ஒரு வீட்டுக்குள்ள எத்தனை குடும்பத்தை அடைக்கப் போறான்?" அவர்கள் சந்தேகப்பட்டதுதான் பெரும்பாலும் நடந்தது. காகிதத்தில் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறவனை அங்கே புத்தி மட்டு என்பார்கள். பின்னால் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் படிப்பு. சந்தனமேரி அந்தப் படிப்பில் பிறந்து வளர்ந்தவள். மதுரையில் மூன்று வருஷம் படித்த பி.ஏ. அதைக் கழுவிவிடவில்லை.

ஜூன் பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தகரத்தில் விழுகிற சத்தத்தில் அவள் கத்தி வாசிக்க வேண்டியிருந்தது. விறகு நனைந்து புகைந்தது. விடைகளைத் திருத்தும்போது சரியானதைவிடத் தப்பானதே அதிகம் விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே நனைந்த படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு பெண்டுகள் காட்டுக்குப் போவார்கள், வருவார்கள். அவர்களைப் பார்க்காமல் இருக்க அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார ஆரம்பித்தாள்.

அப்போதுதான் அந்தப் பத்தி வந்தது. தேயிலையைப் பற்றியது.

"சொல்லு, சொல்லு. நம்ம கதையா?" கத்தரீனாள் கம்பை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பொம்பளைங்க விரல் மெல்லிசு, பூ மாதிரி. அதனால கொழுந்து கிள்ளுறதுக்கு இயற்கையே அவங்களை வச்சிருக்கு. காலையில பனியில பாட்டுப் பாடிக்கிட்டே கிள்ளுவாங்க. அப்படின்னு எழுதியிருக்கான்."

கத்தரீனாள் இரண்டு கைகளையும் விரித்து அடுப்பு வெளிச்சத்தில் காட்டினாள். கொழுந்துக் கறை ஏறி, வெடித்து, வெடித்த இடமெல்லாம் கறுத்துப்போன விரல்கள்.

"இதாட்டி பூ? பாட்டு வேற பாடுனோமா? மழையில வாயைத் தொறந்தா தண்ணிதான் போவும். எழுதினவன் மலைக்கு வந்தானா, இல்ல மூணாறு பஜார்ல டீ குடிச்சிட்டு எழுதினானா? ஆம்பளைக்கு ஒரு கூலி பொம்பளைக்கு ஒரு கூலின்னு எழுதியிருக்கானா பாரு."

பெண்கள் ஏன் இந்த வேலைக்கு அமர்த்தப்படுகிறார்கள் என்பது கேள்வி. ஆ, அவர்களின் விரல்கள் நளினமானவை. ஈ, அவர்களுக்குக் கூலி குறைவு. சந்தனமேரியின் பென்சில் ஆ-வுக்கு மேலே நின்றது. ஈ-யைக் குறித்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

புத்தகத்தைச் சுவரில் வீசினாள்.

"உன்னாலதாம்மா! ஒவ்வொண்ணும் உன்னாலதான் தப்பாப் போவுது. நீ பேசுறது என் காதுக்குள்ள நிக்குது. எழுத விடமாட்டேங்குது. நான் காட்டுக்குப் போவணும், அதான உனக்கு?"

அந்தக் கடைசி வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகு என்ன செய்ய? கத்தரீனாள் கைகளை மடக்கிச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இனிமே எனக்குச் சொல்லாத. மனசுக்குள்ளயே படி" என்றாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் மத்தியானம் மழைச் சத்தம் மட்டும்தான்.

சந்தனமேரி தனக்கொரு சட்டம் போட்டுக்கொண்டாள். பத்தியில் உள்ளபடி. அதற்கு வெளியே உலகம் இல்லை. விரல் பூ என்று எழுதியிருந்தால் பூதான். ஜனம் மகிழ்ந்தது என்றால் மகிழ்ந்தது. அம்மாவின் குரல் உள்ளே எழும்பும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டு பத்தியில் விரலை வைத்து மறுபடி வாசிப்பாள். உதட்டில் புண் வந்தது. விடைகள் சரியாக வரத் தொடங்கின. ஒன்றிரண்டு, பிறகு பாதி, பிறகு கிட்டத்தட்ட எல்லாம். சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் ஒரு வெறுமைதான் வந்தது. அதைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

சிலுவைராஜ் வந்தால் கேலி பண்ணுவான். "மேரி, மழை பெய்யுதா வெளியே?"

"பத்தியில இருந்தா பெய்யுது."

"என்னைய மாதிரி அழகன் இந்த டிவிசன்ல உண்டா?"

"எழுதிக் குடுங்க அத்தான், குறிச்சிருதேன்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. உள்ளே படுத்திருந்த கத்தரீனாளும் சிரிக்கவில்லை.

ஜூலைக் கடைசியில் பரீட்சை, கோயமுத்தூரில்; மெட்ராஸ் கல்லூரிக்காரர்களே அங்கே வந்து நடத்தினார்கள். கிளம்பும்போது கத்தரீனாள் மகளின் நெற்றியில் சிலுவை போட்டாள். மறையூர் வழியாக உடுமலைக்கு இறங்கி, அங்கிருந்து பஸ் மாறிப் போனார்கள், துணைக்குச் சிலுவைராஜ். போத்தனூர்ச் சித்தி செபமாலையம்மாள் வீட்டில் தங்கல். சித்தி அக்காளைப் பற்றிக் கேட்டுக் கேட்டு அழுதாள். ரசத்தில் உப்புப் போட மறந்தாள்.

பரீட்சையில் வந்த பத்தி ஒரு மில் முதலாளியைப் பற்றியது. அவர் தொழிலாளிகளுக்கு வரிசையாக வீடு கட்டிக் கொடுத்தார். வீட்டு முன்னால் ரோஜாச் செடி. வேலையிலிருக்கும் வரை வீடு அவர்களுக்கு. அந்த ஊரை விட்டு ஒரு குடும்பம்கூடப் போனதில்லை. அத்தனை மனநிறைவோடு வாழ்ந்தார்கள்.

சந்தனமேரி பத்தியில் விரலை வைத்தாள். உதட்டைக் கடித்தாள். அவர்கள் ஏன் போகவில்லை? மனநிறைவால். குறித்தாள். முதலாளியை எப்படிப்பட்டவர் என்று ஆசிரியர் கருதுகிறார்? தயாள குணமுள்ளவர். குறித்தாள். பென்சில் எங்கும் நிற்கவே இல்லை.

மறுநாள் காலையில் பலகையில் ஒட்டிய பேர்களில் அவள் பேர் மேலே இருந்தது. சிலுவைராஜ் ரோட்டிலேயே கையைத் தட்டினான். "அத்தைக்குத் தந்தி அடிச்சிரவா?"

"இன்னும் இன்டர்வியூ இருக்கு அத்தான். வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க."

மத்தியானம் இன்டர்வியூ அறையில் மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் கைத்தறிச் சேலை கட்டிய ஒரு அம்மாள். அவள் காகிதத்தைப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் கேட்டாள்: "தோட்டத்திலிருந்து வருகிறாயா? லயத்து வீட்டில் வளர்ந்தவளா? நல்லது. நேற்று அந்த மில் வீடுகளைப் பற்றிப் படித்தாயே, அந்தத் தொழிலாளிகள் ஏன் ஊரை விட்டுப் போகவில்லை என்று நீ நினைக்கிறாய்?"

சந்தனமேரிக்கு உள்ளே எல்லாம் விழித்துக்கொண்டது. இந்தக் கேள்விக்கு நேற்றே விடை எழுதியாயிற்று. மறுபடி எதற்குக் கேட்கிறார்கள்? பலகையில் நோட்டீஸைப் பார்த்ததும் லயத்து ஜனத்துக்கு வருகிற அதே எண்ணம்தான் அவளுக்கும் வந்தது. இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? இழுத்துப் பார்க்கிறார்கள். லயத்துக்காரி வாயை விடுகிறாளா, பத்தியை விட்டு வெளியே போகிறாளா என்று பார்க்கிறார்கள். வெல்ஃபேர் ஆபீசர் கம்பெனி ஆள் அல்லவா? முதலாளியைக் குறை சொல்லுகிறவளை யார் எடுப்பார்கள்?

"பத்தியின்படி, அவர்கள் மனநிறைவோடு இருந்தார்கள்."

"அது பத்தி. நீ என்ன நினைக்கிறாய்?"

"அவர்கள் மனநிறைவோடு இருந்ததாக ஆசிரியர் சொல்லுகிறார்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். தமிழில் பேசினாள். குரல் இதமாக இருந்தது. "பயப்படாதேம்மா. இந்தப் பத்தியை எழுதினவன் சொன்னதை நாங்களும் படிச்சாச்சு. அந்த மாதிரி வீட்ல இருந்தவ நீ. உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு. தமிழ்லயே சொல்லு."

இதமாகக் கேட்டதுதான் அவளுக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. இதமாகப் பேசி வாயைப் பிடுங்குகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

"நன்றியோட இருந்தாங்க மேடம்" என்றாள்.

பக்கத்திலிருந்தவர் ஏதோ எழுதினார். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சரிம்மா, போகலாம்" என்றாள்.

சாயங்காலம் ஒட்டிய காகிதத்தில் அவள் பேர் இல்லை. கீழிருந்து மேலாக இன்னொரு தடவை பார்த்தாள். சிலுவைராஜ் அவளுக்கு முன்னாலேயே பார்த்துவிட்டு ரோட்டின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டிருந்தான். படி இறங்கும்போது முன்னால் போன ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது: "அந்தப் பத்தி சுத்த அபத்தம்னு சொன்னேன்டி. அதுக்குத்தான் அந்த அம்மா சிரிச்சாங்க." அந்தப் பெண் லயத்து வீட்டைக் கண்ணால் கண்டிருக்கமாட்டாள்.

பஸ்ஸில் சின்னாறு தாண்டும் வரைக்கும் சந்தனமேரி அழவில்லை. பிறகு அழுதது யாருக்கும் தெரியவில்லை. ஜன்னல் வழியாக மழை அடித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தரீனாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். "கஞ்சி இருக்கு, குடி" என்றாள். குடித்து முடித்த பிறகு சந்தனமேரி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கத்தரீனாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

நல்லதம்பி மறுநாள் வாசலில் குடையோடு வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "பேரை எழுதிக்கிடட்டுமா, பாப்பா?" என்றார். கத்தரீனாள்தான் பதில் சொன்னாள். "எழுதுங்கய்யா."

ஆகஸ்ட் ஒன்றாம் தேதியும் மழைதான். கத்தரீனாள் தன்னுடைய படங்குச் சாக்கை எடுத்துவரச் சொல்லி, உட்கார்ந்தபடியே மகளைப் பக்கத்தில் நிறுத்தி இடுப்பில் சுற்றினாள். கயிற்றை இறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அந்த மில்லுக்காரன் வீட்டு ஆளுங்க ஏம்ட்டி போகலை?"

"விடும்மா."

"நான் கேக்கேன். சொல்லு."

"போக எடமில்லம்மா" என்றாள் சந்தனமேரி. "வேலை போனா வீடு போயிரும். வீடு போனா பிள்ளைகுட்டி ரோட்டுல. அந்தப் பயம்தான். ரோசாச்செடியும் ஆசைப்பட்டு வச்சிருக்க மாட்டாங்க. மேஸ்திரி வந்து பாத்து, செடி வாடியிருந்தா கேள்வி கேட்பான். ராத்திரி தூங்கும்போதுகூட அது அவன் வீடுன்னு ஞாபகம் இருக்கும். ஒருத்தனுக்கு இடுப்பு ஒடிஞ்சா அவன் மகன் போய் நிக்கணும். மகன் இல்லைன்னா மகள். இதுல நிறைவு எங்கேர்ந்து வரும்? எழுதினவன் வாசல்ல நின்னு ரோசாவைப் பாத்துட்டுப் போயிருக்கான்."

கத்தரீனாளின் கை கயிற்றிலேயே நின்றிருந்தது.

"இதை அவகிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொல்லக்கூடாதுன்னு நினைச்சேம்மா."

"அவ கேட்டாளே, ஏட்டி. ரெண்டு தடவை கேட்டாளே." கத்தரீனாள் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். "நம்மளை எவன் கேட்டான் இதுவரைக்கும்? ஒருத்தி கேட்டா, அவளையும் நம்பலையே நீ. அப்படி வளத்துட்டேனே."

"உன் மேல ஒண்ணுமில்லம்மா."

கத்தரீனாள் முடிச்சைப் போட்டாள். மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "காலுக்குச் சோப்பு தேச்சியா? அட்டை ஏறும். புதுக் காலுன்னா மோந்து பாத்து வரும்" என்றாள்.

பிரட்டுக்களத்தில் பெண்டுகள் சாக்கைத் தலையில் கவிழ்த்து நின்றார்கள். அவளுக்கு இடம் விட்டு ஒதுங்கினார்கள். பின்னாலிருந்து ஒருத்தி, "வாங்க பி.ஏ. மேடம், உங்களுக்கு எந்தக் காடு வேணும்?" என்றாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்; ஒரு கிழவி, "சும்மா கிட, மூதி" என்று அதட்டினாள். பலகையில் புது நோட்டீஸ் ஒன்று ஈரத்தில் மை ஊறி ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நல்லதம்பி பேர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அவள் முறை வந்தபோது கொஞ்சம் நின்றார். பிறகு கூப்பிட்டார்.

சந்தனமேரி வந்திருப்பதாகச் சொன்னாள். மழையில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்.